சுமத்ராப் புலிக்குட்டி வளர்ப்பு: ஜோடி சேர்ப்பது முதல் தாயைப் பிரிவது வரை ஒரு முழு வழிகாட்டி

புலிக்குட்டிக்கு ஒருவர் பாட்டிலில் பால் புகட்டும் படம் எங்கே வந்தாலும் பார்ப்பவர்கள் நெகிழ்ந்துபோகிறார்கள். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் முதலில் வருவது கவலைதான். இதன் தாய்க்கு என்ன ஆயிற்று? பால் வற்றிவிட்டதா, குட்டியை ஒதுக்கிவிட்டதா, அல்லது யாரோ அவசரப்பட்டுப் பிரித்துவிட்டார்களா? நல்ல முறையில் நடக்கும் இனப்பெருக்கத் திட்டத்தில் பெரும்பாலான குட்டிகளை முதல் சில வாரங்களுக்கு மனிதர் யாரும் தொடுவதே இல்லை. தாய் வளர்க்கிறது, நாம் கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தலையிட வேண்டிய நேரம் எது, கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டிய நேரம் எது என்று பிரித்தறிவதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது.

சுமத்ராப் புலியை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். இந்தோனேசியத் தீவுகளில் மூன்று வகைப் புலிகள் இருந்தன. பாலிப் புலி 1940களோடு போய்விட்டது. ஜாவாப் புலியும் 20ஆம் நூற்றாண்டிலேயே அழிந்தது. மிஞ்சியது சுமத்ராப் புலி ஒன்றுதான். காட்டில் 400 முதல் 600 வரை இருக்கலாம் என்பதுதான் பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. மிக அருகிவிட்ட உயிரினங்களின் வரிசையில் இது இருக்கிறது. இன்று வாழும் புலிகளில் உருவத்தில் சிறியது இதுதான். ஆண் 100 முதல் 140 கிலோ, பெண் 75 முதல் 110 கிலோ. வரிகள் நெருக்கமாக இருக்கும், ஆணுக்குக் கன்னத்து மயிர் பிடரி போல அடர்ந்து நிற்கும். உலகின் பல பூங்காக்களில் இவற்றை ஒரே குடும்பமாகக் கருதி வளர்க்கிறார்கள்.

பூங்காவில் விலங்குக் காப்பாளராகச் சேர்ந்திருப்பவர்களுக்கும், வனவிலங்கு மருத்துவம் பக்கம் போக நினைக்கும் கால்நடை மருத்துவ மாணவர்களுக்கும், இது எப்படி நடக்கிறது என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வீட்டிலோ தோட்டத்திலோ புலிக்குட்டி வளர்ப்பதற்கான குறிப்பு இல்லை இது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது சிறைக்குக் கொண்டுபோகும் குற்றம்.

முதலில் காகிதத்தில் தொடங்குங்கள்

ஆணும் பெண்ணும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் இருக்கின்றன என்பதற்காகச் சேர்த்துவிடக் கூடாது. பூங்காக்களில் உள்ள புலிகளுக்கெல்லாம் ஓர் உலகப் பதிவேடு இருக்கிறது. ஜெர்மனியின் லைப்சிக் உயிரியல் பூங்கா அதைப் பல பத்தாண்டுகளாகப் பராமரித்து வருகிறது. ஒவ்வொரு புலிக்கும் ஓர் எண், தாயின் எண், தந்தையின் எண், பிறந்த இடம், போன இடம் எல்லாம் அதில் இருக்கும். அதை வைத்து, ஒரு புலிக்கு மற்ற எல்லாப் புலிகளோடும் சராசரியாக எவ்வளவு உறவு இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். உறவு குறைவாக உள்ள புலியின் மரபணுதான் அரியது, அதற்குத்தான் முதலில் ஜோடி தேடுவார்கள். ஏற்கனவே நிறையப் பிள்ளைகள் உள்ள ஆண், எவ்வளவு அழகாக இருந்தாலும், வரிசையில் பின்னால்தான் நிற்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெள்ளைப் புலிகளே சாட்சி. 1951இல் ரேவா சமஸ்தானக் காட்டில் பிடிபட்ட மோகன் என்ற வெள்ளை ஆண் குட்டியை வளர்த்து, பின்னர் அதன் மகள் ராதாவோடே சேர்த்தார்கள். 1958இல் நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. நிறத்துக்காக மீண்டும் மீண்டும் நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்ததால் மாறுகண் முதலான குறைகள் அந்தப் பரம்பரையோடு ஒட்டிக்கொண்டன. வெள்ளைப் புலி தனி இனம் இல்லை, பாதுகாப்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மக்கள் விரும்பிப் பார்க்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பூங்காவில் உள்ள கூண்டுகள் எண்ணி வைத்தவை. ஒரு கூண்டை வெள்ளைப் புலிக்குக் கொடுத்தால், அருகிவரும் வேறொரு புலிக்கு அந்த இடம் இல்லை.

ஜோடி சேர்க்கப் பரிந்துரை வராத புலிகளுக்குக் கருத்தடை உண்டு. இன்று பெரும்பாலும் தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். முன்பு பயன்படுத்திய சில மருந்துகள் பெண் புலிகளுக்குக் கருப்பைக் கோளாறுகளைக் கொண்டுவந்ததால் அவற்றைக் குறைத்துவிட்டார்கள்.

ஆணையும் பெண்ணையும் பழக்குவது

பெண் புலி பருவத்துக்கு வந்திருப்பதைக் காப்பாளர்தான் முதலில் கண்டுபிடிப்பார். தரையில் புரளும், கம்பியில் கன்னத்தைத் தேய்க்கும், வழக்கத்தைவிட அதிகமாகக் குரல் கொடுக்கும், பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும். சில நாட்கள்தான் இது நீடிக்கும். கம்பிவலைக்கு இரு பக்கமும் இரண்டும் வந்து மூக்கால் 'ஃபுர்ர்' என்று மூச்சு விட்டுக்கொண்டால் நல்ல அறிகுறி. புலிகளின் நட்பு வணக்கம் அது. காதை மடக்கிக்கொண்டு வலை மேல் பாய்ந்தால் இன்னும் நாளாகவில்லை என்று பொருள்.

வலை வழியாக நன்றாகப் பழகிய பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். அப்போதும் உத்தரவாதம் கிடையாது. 2019 பிப்ரவரியில் லண்டன் பூங்காவில் நடந்ததை இந்தத் துறையில் யாரும் மறக்க மாட்டார்கள். ஐரோப்பிய இனப்பெருக்கத் திட்டத்தின்படி டென்மார்க்கிலிருந்து அசீம் என்ற ஆண் சுமத்ராப் புலியைக் கொண்டுவந்தார்கள். அங்கே இருந்த மெலாத்தி என்ற பெண்ணோடு வலை வழியாகப் பத்து நாள் பழக்கினார்கள். அறிகுறிகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. கதவைத் திறந்ததும் சண்டை மூண்டது. ஒலியெழுப்பியும் தீப்பொறி வெடிகளைக் காட்டியும் பிரிக்க முயன்றார்கள். மெலாத்தி இறந்துபோனது.

அதனால் கதவைத் திறக்கும் நாளில் பெண் தப்பி ஓட இரண்டு வழியாவது இருக்க வேண்டும். முட்டுச்சந்து போன்ற மூலை எதுவும் இருக்கக் கூடாது. தண்ணீர்க் குழாய், சத்தம் எழுப்பும் கருவிகள், மயக்க ஊசித் துப்பாக்கியோடு மருத்துவர் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். பெண் பருவத்தின் உச்சத்தில் இருக்கும் நாளையே தேர்ந்தெடுங்கள். பூனைக் குடும்பத்தில் சேர்க்கையே முட்டை வெளிவரத் தூண்டுகிறது. அதனால் ஒரே நாளில் பலமுறை சேரும். சேர்க்கை முடிந்த நொடியில் பெண் திரும்பி அறைவது இயல்பு, அதைப் பார்த்துப் பதறிப் பிரித்துவிடாதீர்கள்.

சினைக்காலமும் ஈற்றறையும்

சேர்க்கை நடந்த முதல் நாளையும் கடைசி நாளையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சினைக்காலம் சுமார் 100 முதல் 108 நாட்கள். 93ஆம் நாளே பிறந்த குட்டிகளும் உண்டு. எனவே 90ஆம் நாளுக்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். வயிற்றைப் பார்த்துச் சினையைக் கண்டுபிடிப்பது கடைசி மாதம் வரை கடினம். பொய்ச்சினையும் உண்டு. மலத்தில் ஹார்மோன் பரிசோதனை செய்யலாம். கம்பியோரம் நின்று வயிற்றைக் காட்டப் பழக்கிய புலியென்றால் மயக்க மருந்தே இல்லாமல் ஸ்கேன் எடுக்கலாம். அந்தப் பழக்கத்தை ஒரு வருடம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

ஈற்றறை இருட்டாக, காய்ந்து, சத்தமின்றி இருக்க வேண்டும். தாய் முழு உடம்பையும் நீட்டிப் படுத்துத் திரும்பும் அளவுக்கு இடம் போதும். ரொம்பப் பெரிதாக இருந்தால் குட்டி உருண்டு தாயை விட்டு விலகிப் போய்விடும். இப்படி ஓர் அறை போதாது, இரண்டு வேண்டும். காட்டில் தாய்ப்புலி குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு இடம் மாற்றும். ஒரு அறை பிடிக்காவிட்டால் இன்னொன்றுக்குப் போக வழி இல்லையென்றால், கவ்விய குட்டியோடு கூண்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அப்படிச் சுற்றும் தாயின் வாயில் குட்டி செத்துப்போவதும் உண்டு. தரையில் மரப்பலகை போட்டு மேலே வைக்கோல் பரப்பலாம். கேமரா இருட்டிலும் தெரியக்கூடியதாக, ஒலியும் கேட்கக்கூடியதாக இருக்கட்டும். ஒலி ரொம்ப முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நம் ஊர்ப் பழக்கத்தை வைத்து ஒரு எச்சரிக்கை. கூண்டு கழுவப் பினாயில் ஊற்றாதீர்கள். அதில் உள்ள பினால் வகை வேதிப்பொருளைப் பூனைக் குடும்பத்து விலங்குகளின் கல்லீரலால் சரியாக முறிக்க முடியாது, அவற்றுக்கு அது நஞ்சு. தரையில் பட்டது பாதத்தில் ஒட்டும், பாதத்தை நக்கும்போது உள்ளே போய்விடும். நீர்த்த பிளீச்சிங் கரைசலால் கழுவி, நிறையத் தண்ணீர் விட்டு அலசிக் காயவிட்டாலே போதும். அதையும் ஈன்ற பிறகு முதல் நாட்களில் செய்யாதீர்கள். ஈற்றறையில் தாயின் வாசனை மட்டுமே இருக்க வேண்டும்.

ஆணைத் தனியே மாற்றிவிட வேண்டும். காட்டில் அந்நிய ஆண் குட்டிகளைக் கொல்லும். ஆனால் எல்லா ஆணும் அப்படியில்லை. ராஜஸ்தானின் ரண்தம்போரில் 2011இல் தாயை இழந்த இரண்டு பெண் குட்டிகளை டி-25 என்ற ஆண் புலி கூடவே வைத்துக் காத்தது. அதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனாலும் பூங்காவில் அந்தச் சோதனையைச் செய்து பார்க்க நான் துணிய மாட்டேன், குறிப்பாக முதல் ஈற்றில்.

ஈனும் நாளும் முதல் மூன்று நாட்களும்

முந்தைய நாள் தாய் சாப்பாட்டைத் தொடாமல் விடலாம். எழுந்து படுத்து, எழுந்து படுத்து, பின்புறத்தை நக்கிக்கொண்டே இருக்கும். குட்டிகளுக்கு இடையே சில நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரம் வரை இடைவெளி வரும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வலுவாக முக்கியும் குட்டி வராவிட்டால் மருத்துவர் குழு தயாராக வேண்டும். பொதுவாக ஒரு ஈற்றில் இரண்டு முதல் நான்கு குட்டிகள். சுமத்ராப் புலிக்குட்டி பிறக்கும்போது ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும். கண் மூடியிருக்கும். 6 முதல் 14 நாட்களுக்குள் கண் திறக்கும், ஆனால் தெளிவாகப் பார்க்க இன்னும் சில வாரம் ஆகும்.

முதல் மூன்று நாட்கள் யாரும் உள்ளே போகக் கூடாது. பழகிய காப்பாளர் ஒருவர் மட்டும் வழக்கமான நேரத்தில் வந்து, வழக்கமான குரலில் பேசி, தண்ணீரும் கொஞ்சம் இறைச்சியும் வைத்துவிட்டுப் போகலாம். இயக்குநரும் வர வேண்டாம், அமைச்சரும் வர வேண்டாம், புகைப்படக்காரரும் வர வேண்டாம். நான் இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் ஈற்றுத் தாய்கள் குட்டியை ஒதுக்குவதற்கும் கொல்வதற்கும் பெரிய காரணமாகத் தொந்தரவைத்தான் சொல்வார்கள்.

கேமராவில் எதைப் பார்ப்பது? குட்டிகள் பால் குடிக்கின்றனவா, எத்தனை முறை, எவ்வளவு நேரம். அதைவிட முக்கியம், எதைக் கேட்பது என்பது. வயிறு நிறைந்த குட்டி முலையைத் தேடும்போது மட்டும் முனகும், குடித்ததும் அமைதியாகிவிடும். நிறுத்தாமல் கத்தும் குட்டிக்குப் பாலும் இல்லை, சூடும் இல்லை. பிறகு அந்தக் கத்தல் மெலிந்து நின்றுபோனால், சமாதானமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது மோசமான அமைதி. தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும் குட்டி கத்தாமல் இருப்பது வேறு, மூலையில் தனியே கிடக்கும் குட்டி கத்தாமல் இருப்பது வேறு. ஒலியோடு கேமரா வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான்.

குட்டி பால் குடித்த நேரத்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரவு முழுவதும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் 'ஏதோ சரியில்லை' என்று தோன்றும்போது அந்த நோட்டுதான் உண்மையைச் சொல்லும்.

எப்போது தலையிடுவது

இந்த முடிவைக் குட்டி பிறப்பதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். கண்முன் குட்டி துடிக்கும்போது கூட்டம் போட்டுப் பேச நேரம் இருக்காது. என் வரம்புகள் இவை: 24 மணி நேரத்தில் ஒரு தடவைகூடப் பால் குடிக்காத குட்டி, தாய் திரும்பிப் பார்க்காமல் சில மணி நேரம் குளிர்ந்து கிடக்கும் குட்டி, காயம் பட்ட குட்டி. ஈற்றில் ஒன்று மட்டும் மெலிந்தால் அதற்கு மட்டும் ஊட்டிவிட்டு மீண்டும் தாயிடமே விட முடியுமா என்று முதலில் பாருங்கள்.

தாய் நன்றாக வளர்த்துக்கொண்டிருக்கும்போதே மனம் மாறுவதும் உண்டு. வாஷிங்டனில் உள்ள தேசிய உயிரியல் பூங்காவில் 2017 ஜூலை 11 அன்று தமாய் என்ற சுமத்ராப் புலி ஓர் ஆண் குட்டியை ஈன்றது. இரண்டு வாரத்துக்கும் மேல் நன்றாகவே பார்த்துக்கொண்டது. அப்புறம் குட்டியிடமிருந்து விலக ஆரம்பித்தது, எடை ஏறுவது நின்றது. குட்டியை எடுத்து ஊட்டி வளர்த்தார்கள். ஆனால் கதை அதோடு முடியவில்லை. அடுத்த மாதம் அமெரிக்க–மெக்சிகோ எல்லையில் ஒரு காரில் கடத்திக்கொண்டு வரப்பட்ட வங்கப் புலிக்குட்டி ஒன்று சோதனையில் சிக்கியது. அதை சான்டியேகோவின் சஃபாரி பூங்காவில் வைத்திருந்தார்கள். செப்டம்பரில் வாஷிங்டன் குட்டியை அங்கே கொண்டுபோய் இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். இரண்டும் கட்டிப் புரண்டு விளையாடின. ஒன்று சுமத்ரா, மற்றொன்று வங்கம், ஜோடி சேர்க்கவே முடியாது. ஆனாலும் புலியோடு புலி வளர வேண்டும் என்பதற்காக நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோனார்கள். கையால் வளர்ப்பதில் நான் கண்ட மிக நல்ல முடிவு இதுதான்.

அதே ஆண்டு சின்சினாட்டி பூங்காவில் முதல் ஈற்றுத் தாய் ஒதுக்கிய மூன்று மலாயாப் புலிக்குட்டிகளோடு பிளேக்லி என்ற நாயைப் பழகவிட்டார்கள். மனிதரால் கற்றுத்தர முடியாத எல்லைகளை, எவ்வளவு கடிக்கலாம், எப்போது விட வேண்டும் என்பதை, ஒரு நாய் கற்றுத்தர முடியும். குட்டிகள் மூன்றாக இருந்ததும் நல்லதாயிற்று.

கையால் வளர்க்க வேண்டி வந்தால்

முதல் விதி: குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுக்காதீர்கள். உடல் குளிர்ந்திருந்தால் குடல் வேலை செய்யாது, பால் உள்ளேயே கெட்டுப்போகும், புரையும் ஏறும். முதலில் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். இன்குபேட்டர் இருந்தால் முதல் வாரம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வைத்து, வாரந்தோறும் குறைத்துவரலாம். இல்லாவிட்டால் துணி சுற்றிய வெந்நீர்ப் பை. அதையும் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைத்தால்தான் சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள முடியும்.

அடுத்து சீம்பால். தாயின் நோயெதிர்ப்புச் சக்தி முதல் நாளில் குடிக்கும் பாலோடுதான் குட்டிக்குப் போகிறது. அதன் பிறகு குடல் அதை உள்வாங்குவதில்லை. சீம்பால் கிடைக்காத குட்டிக்கு, ஆரோக்கியமான, தடுப்பூசி போட்ட புலியின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை மருத்துவர் ஊசியாகப் போடுவார். ஒரு நல்ல பூங்கா இதை முன்கூட்டியே எடுத்து உறையவைத்திருக்கும்.

பால் என்றால் பசும்பால் இல்லை. பசும்பாலில் புலிக்குட்டிக்குத் தேவையான புரதமும் கொழுப்பும் போதாது, லாக்டோஸ் அதிகம், வயிற்றுப்போக்கு நிச்சயம். பூனைக்குட்டிகளுக்கென்று தயாரித்த பால்மாவைத்தான் பயன்படுத்த வேண்டும், டாரின் சேர்த்ததாக இருக்க வேண்டும். டாரின் என்ற அமினோ அமிலம் குறைந்தால் பூனை இனத்துக்குக் கண்ணும் இதயமும் பழுதாகும். சரியில்லாத பால்மாவில் வளர்ந்த குட்டிகளுக்குக் கண்புரை வந்திருக்கிறது. ஒரு பால்மாவிலிருந்து இன்னொன்றுக்குத் திடீரென்று மாற்றாதீர்கள். முதல் நாள் நீர்த்துத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் முழு அடர்த்திக்கு வாருங்கள்.

அளவைக் கணக்குப் போட்டே கொடுக்க வேண்டும், பரிதாபப்பட்டு அல்ல. ஒரு நாளைக்கு உடல் எடையில் 15 முதல் 20 சதவீதம், ஒரு வேளைக்கு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 1200 கிராம் குட்டியென்றால் 20 சதவீதம் 240 மில்லி. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 30 மில்லி. வயிறு தாங்கும் உச்சவரம்பு 60 மில்லி, அதை ஒருபோதும் தொட வேண்டாம். குட்டி இன்னும் கேட்டுக் கத்தும், பாட்டிலை விடாது. அப்போதுதான் மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். அதிகம் ஊட்டியதால் வயிற்றுப்போக்கு வந்து, நீர்ச்சத்து வற்றி இறந்த குட்டிகள் பட்டினியால் இறந்தவற்றைவிடக் குறைவாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

ஊட்டும்போது மனிதக் குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள். குட்டி வயிற்றைக் கீழே வைத்துக் குப்புறப் படுத்து, முன்கால்கள் எதையாவது பிசைய வாகாக, தலையை இயல்பாக நிமிர்த்திக் குடிக்க வேண்டும். தாயின் வயிற்றில் அது அப்படித்தான் குடிக்கும். பாட்டிலை அமுக்கிப் பாலைப் பீய்ச்சாதீர்கள். மூக்கில் பால் குமிழ் வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்துங்கள். நிப்பிளின் ஓட்டை பெரிதாக இருக்கும், அல்லது அண்ணத்தில் பிளவு இருக்கும். நுரையீரலில் பால் போனால் இரண்டு நாளில் நிமோனியா.

குடித்து முடித்ததும், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெதுவாகத் துடைத்துவிட வேண்டும். தாய் நக்கிவிடுவதற்கு ஈடு அது. இதைச் செய்யாவிட்டால் முதல் சில வாரங்கள் குட்டி தானாக மூத்திரமோ மலமோ போகாது. புதிதாக வருபவர்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே தராசில், பால் கொடுப்பதற்கு முன் எடை போடுங்கள். தினம் பிறப்பெடையில் 5 முதல் 10 சதவீதம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் கவனம். இரண்டு நாள் ஏறாவிட்டால் மருத்துவர்.

இன்னொன்று. குட்டியைக் கொஞ்சாதீர்கள். ஊட்டுபவர்கள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், பாட்டில் நேரம் தவிர மற்ற நேரம் அது இன்னொரு குட்டியோடோ, தாயின் வாசனையும் குரலும் எட்டும் இடத்திலோ இருக்கட்டும். மனிதரையே தன் இனமாக நினைத்து வளர்ந்த புலி, நாளை ஜோடிப் புலியைக் கண்டால் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். இத்தனை இரவு கண்விழித்து வளர்த்தது எதற்காகவோ அதுவே கைநழுவிப் போகும்.

இறைச்சி, எலும்பு, தடுப்பூசி

ஆறு வாரத்தையொட்டிக் குட்டி தாயின் இறைச்சியை முகர்ந்து நக்க ஆரம்பிக்கும். அரைத்த இறைச்சியைக் கொஞ்சமாக வைக்கலாம். தாய்ப்பால் குடிப்பது மூன்று மாதம், சில நேரம் ஆறு மாதம் வரை தொடரும். பால் தரும் தாய்க்கு வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு உணவு தேவைப்படும். பெரிய புலிகளுக்குப் பல பூங்காக்களில் வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடும் வழக்கம் உண்டு. தாய்க்கும் குட்டிக்கும் அது கூடாது.

வெறும் சதைக்கறி மட்டும் போட்டு வளர்ப்பது பெரிய தவறு. சதையில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் 15, 20 மடங்கு அதிகம். வளரும் குட்டிக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக வேண்டும். கிடைக்காதபோது உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்கிறது. கால் வளையும், குதித்து இறங்கினாலே எலும்பு முறியும், முதுகு கூனும். நல்ல 'கொழுக் மொழுக்' குட்டி என்று எல்லோரும் மெச்சும் நேரத்தில்தான் இது உள்ளே நடந்துகொண்டிருக்கும். முழுக் கோழி, முயல் என்று எலும்போடு சேர்த்துக் கொடுப்பது நல்லது. அரைத்த சதையென்றால் கால்சியம் கார்பனேட்டை அளந்து கலக்க வேண்டும்.

கோழியைச் சொல்லும்போது ஓர் அச்சத்தையும் சொல்ல வேண்டும். 2004 அக்டோபரில் தாய்லாந்தின் சிறீராச்சா புலிப் பூங்காவில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் தொற்றிய பச்சைக் கோழியைத் தின்று, நோயிலும் நோயைத் தடுக்கக் கருணைக்கொலையிலுமாக 147 புலிகள் போயின. 2024இல் வியட்நாமில் 47 புலிகள் இறந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் நாக்பூரின் கோரேவாடாவில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இதே காய்ச்சலில் போயின. சுற்றுவட்டாரத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்த அன்றே கோழியை நிறுத்துங்கள், அது அடங்கும்வரை வேறு இறைச்சி.

முதல் உடல் பரிசோதனையை இரண்டு மூன்று வாரத்தில், தாய் தானாக வேறு கூண்டுக்கு வரும் நேரமாகப் பார்த்து, சில நிமிடங்களில் முடித்துவிட வேண்டும். கையுறையில் அந்தக் கூண்டின் வைக்கோலைத் தேய்த்துக்கொண்டால் அந்நிய வாசனை குறையும். ஆணா பெண்ணா, எடை, தொப்புள், அண்ணம், கண், இதயத்துடிப்பு. நாடாப்புழு, உருளைப்புழுவுக்கு மலத்தைச் சோதியுங்கள். பூனை இன உருளைப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் போகும், அதனால் சுத்தமான கூண்டென்று அசட்டையாக இருக்க முடியாது. தடுப்பூசி 8, 12, 16 வாரங்களில். வீட்டுப் பூனைக்குப் போடும் உயிருள்ள கிருமித் தடுப்பூசி வேண்டாம், செயலிழக்கச் செய்த கிருமித் தடுப்பூசிதான் பாதுகாப்பு. முதல் ஊசியோடு அடையாள மைக்ரோசிப்பையும் வைத்துவிடலாம்.

காப்பாளருக்கும் விதி உண்டு. சளி, காய்ச்சல் என்றால் வர வேண்டாம். 2020 ஏப்ரலில் நியூயார்க்கின் பிராங்ஸ் பூங்காவில் நாதியா என்ற மலாயாப் புலிக்குக் கொரோனா தொற்றியது மனிதரிடமிருந்துதான். அடுத்த ஆண்டு நம் வண்டலூரிலேயே சிங்கங்கள் அந்தத் தொற்றில் இறந்தன.

முதல் வெளிச்சம்

இரண்டு முதல் மூன்று மாதத்தில் குட்டிகளை வெளியே விடலாம். அதற்கு முன்பு நீங்களே முட்டிபோட்டு, குட்டியின் உயரத்தில் அந்த அடைப்பிடம் முழுவதையும் சுற்றி வாருங்கள். தலை நுழையும் இடைவெளி, மேடையிலிருந்து விழும் உயரம், அகழியின் சரிவு எல்லாம் அப்போதுதான் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர். 2013 செப்டம்பரில் லண்டன் பூங்காவில் 17 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் சுமத்ராப் புலிக்குட்டி பிறந்தது. மேலே சொன்ன அதே மெலாத்திதான் தாய். சில வாரங்களில் குட்டி குளத்தில் மூழ்கி இறந்து கிடந்தது. தாய் அதை வெளியே கவ்விக்கொண்டு போயிருக்க வேண்டும். அடுத்த பிப்ரவரியில் அதே தாய் மூன்று குட்டிகளை ஈன்று வளர்த்தது என்பது கொஞ்சம் ஆறுதல். குட்டிகளை வெளியே விடும் நாளை மட்டும் எண்ணினால் போதாது. தாய்க்கு வெளிக்கதவு திறந்திருக்கும் ஒவ்வொரு நாளும் குட்டியும் வெளியே வரக்கூடும். எனவே ஈனுவதற்கு முன்பே குளத்தை வற்றவைத்துவிடுங்கள். பிறகு கணுக்கால் அளவிலிருந்து சிறிது சிறிதாக நிரப்பி, ஏறிவர மரக்கட்டைகளும் சரிவான கரையும் வையுங்கள். புலி நீந்தப் பிறந்த விலங்குதான், ஆனால் அதற்கும் கற்றுக்கொள்ளக் காலம் வேண்டும்.

பழக்குவதும் பிரிப்பதும்

நான்கைந்து மாதமானதும் குட்டியோடு ஒரே கூண்டில் மனிதர் நிற்பது முடிந்துவிட வேண்டும், கையால் வளர்த்ததாக இருந்தாலும் சரி. இனி எல்லாம் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்துதான். நீண்ட இடுக்கியில் சிறு இறைச்சித் துண்டு, ஒரு கோலின் நுனி, ஒரு 'டிக்' ஒலி. கோலைத் தொட்டால் இறைச்சி. இதை வைத்தே தராசில் ஏறவும், வாயைத் திறந்து காட்டவும், ஊசி போட இடுப்பைக் கம்பியோரம் சாய்க்கவும் கற்றுக்கொடுக்கலாம். அடிக்காமல், பட்டினி போடாமல். வரப் பிடிக்காத நாளில் வராமல் போகவும் அதற்கு உரிமை உண்டு.

18 முதல் 24 மாதத்தில் தாய் குட்டிகளைப் பார்த்து உறுமத் தொடங்கும், உணவுக்கு அருகே விடாது. பிரிக்கும் நேரம் வந்துவிட்டது. ஆண் குட்டிகளை முதலில் பிரியுங்கள்.

இந்தக் குட்டிகளைக் காட்டில் விடுவார்களா என்று எல்லோரும் கேட்பார்கள். பூங்காவில் பிறந்த குட்டிகளை விடுவதில்லை. காட்டில் பிறந்து அநாதையான குட்டிகளின் பாதை வேறு. கான்ஹாவில் மனிதர் முகம் பாராமல் பெரிய அடைப்பில் வளர்த்த இரண்டு சகோதரிப் புலிகளை 2011இல் பன்னா காட்டில் விட்டார்கள், டி-4 என்பது அங்கேயே குட்டியும் போட்டது. 2021இல் நம் வால்பாறை முடீஸ் எஸ்டேட்டில் மெலிந்து கிடைத்த ஆண் குட்டிக்காக ஆனைமலையின் மானாம்பள்ளியில் வேட்டை பழக ஓர் அடைப்பிடம் கட்டினார்கள். பூங்காக் குட்டியின் வேலை, காட்டில் ஒருநாள் எல்லாம் போய்விட்டாலும் அந்த மரபணு போய்விடாமல் காப்பது. அது இன்னொரு பூங்காவுக்குப் போய், உறவில்லாத இன்னொரு புலியைச் சந்திக்கும்.

போகும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே பயணப் பெட்டியை அதன் கூண்டோடு இணைத்து இரு பக்கமும் திறந்துவையுங்கள். அதற்குள்ளேயே இறைச்சி வைத்தால் தானாகப் போய் வரும், பிறகு உள்ளேயே படுத்துத் தூங்கவும் ஆரம்பிக்கும். கதவை மூடும் நாளில் அது மயக்க மருந்து இல்லாமல், பதற்றம் இல்லாமல் உள்ளே இருக்கும். பதிவேட்டு எண், எடை விவரம், தடுப்பூசித் தேதிகள், அதற்குப் பிடித்த இறைச்சி, பயப்படும் சத்தம், காப்பாளர் கூப்பிடும் பெயர் எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். பெட்டியில் புது வைக்கோலோடு அது படுத்திருந்த பழைய வைக்கோலிலும் இரண்டு கை அள்ளிப் போடுங்கள். புது ஊரில் முதல் இரவு அந்த வாசனையில் படுத்துத் தூங்கட்டும்.